நன்றியுரைக்கு நேர வரம்பு இல்லை

அவளுக்கு விடாக்கண்டி என்று பெயர் வைத்தவர் அவள் தங்கையின் கணவர். புதிதாக வாங்கிய ஃபிரிட்ஜ் முனகுகிறது என்று அவள் சொல்ல, அதெல்லாம் பிரமை என்று கடைக்காரர்கள் சொல்ல, கடைசியில் கடை முதலாளியே வீடு தேடி வந்து, ஃபிரிட்ஜ் கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஆமாம்மா, முனகத்தான் செய்யுது" என்று ஒப்புக்கொண்டு போனார். அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் பிறந்த பெயர் அது. அவள் வேதியியல் ஆய்வாளராக வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்துக்கும் எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டது. அவளுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

பெயர் வைத்தவர்தான் இப்போது இரண்டு கைகளிலும் முழங்கை வரை கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார். சாயத்துக்கு மூலப்பொருள் செய்கிற தொழிற்சாலையில் அவருக்கு வேலை. பெரிய எஃகுக் கலன் ஒன்றில் இரண்டு திரவங்கள் சேர்ந்து கொதிக்கும். சூடு எல்லை மீறினால் சிவப்பு விளக்கு எரியும். உடனே அவர் ஒரு கைப்பிடியைத் திருப்ப வேண்டும். மூன்றாவது திரவம் ஒன்று உள்ளே பாய்ந்து எல்லாவற்றையும் அடக்கிவிடும். விளக்கு எரிந்தது, அவர் திருப்பினார். அடக்குகிற திரவம் போய்ச் சேர்வதற்குள் மூடியின் விளிம்பு பிய்ந்துகொண்டு, ஆவி அவர் கைகளின் மேல் அடித்தது.

கட்டு காய்வதற்கு முன்பே நிர்வாகம் விளக்கம் கேட்டு ஓலை அனுப்பியது. அந்த வினையின் வேகம் இன்னது என்று உலகத்துக்கே தெரியும். அந்த வேகத்தின்படி பார்த்தால் நிதானமாக ஒரு மூச்சு விட்டுவிட்டுக் கைப்பிடியைத் திருப்பியிருக்கலாம். அதற்குள் திருப்பாதது கவனக்குறைவு. எனவே மறு உத்தரவு வரும்வரை வேலைக்கு வர வேண்டாம்.

உலகத்துக்கே தெரிந்த அந்த எண் தப்பு என்பது விடாக்கண்டிக்கு மட்டும் தெரிந்திருந்தது. சொல்லி வைத்தாற்போல் அதே வினையைத்தான் அவள் தன் ஆய்வகத்தில் அளந்துகொண்டிருந்தாள். இரண்டு ஊசிக்குழல்களில் இரண்டு திரவங்களை எடுத்து, ஒரே தள்ளில் சின்னக் கண்ணாடி அறை ஒன்றுக்குள் மோதவிட்டு, நிறம் எவ்வளவு சீக்கிரம் மாறுகிறது என்று ஒளி பாய்ச்சிப் பார்க்கிற வேலை. பழைய எண்ணை அளந்தவர் அந்தக் காலத்துக் கருவியால் அளந்திருந்தார். அதில் திரவங்கள் ஒன்றோடொன்று கலக்கவே நேரம் பிடிக்கும். கலந்த இடத்திலெல்லாம் வினை எப்போதோ முடிந்து போயிருக்கும். சினிமா விட்டதும் ஜனங்கள் குறுகலான கதவு வழியாகப் பிதுங்கி வருவதைப் பார்த்துவிட்டு, மனிதன் ஓடுகிற வேகமே இவ்வளவுதான் என்று எழுதி வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. அளந்தது கதவை, எழுதியது காலை.

இதை அவள் தொழிற்சாலையின் பாதுகாப்புப் பொறியாளரிடம் நேரில் போய்ச் சொன்னாள். அவர் நல்ல மனிதர், முழுக்கக் கேட்டார்.

"நீங்க சொல்றது சரியாக்கூட இருக்கலாம் மேடம். ஆனா எங்களுக்கு அதிவேக வினைகள் மாமன்றம் சொல்றதுதான் நம்பர். அவங்க மாத்தட்டும், மறுநாளே நாங்க மாத்துறோம்."

"அதுவரைக்கும் அந்தக் கலன்?"

"ஓடும். வேற ஆள் நிக்கறாரு."

வேற ஆள் என்று அவர் சொன்ன விதம்தான் அவளை மாமன்றத்தின் மாநாட்டுக்குப் போக வைத்தது. அவளுக்கு அந்த ஆள் யாரென்று தெரியாது. அவருக்கும் இரண்டு கைகள் இருக்கும் என்பது மட்டும் தெரியும்.

புறப்படுகிற அன்று தங்கை தன் கணவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். "அக்கா, அங்க போய்ச் சண்டை கிண்டை போடாத. பேசிட்டு மட்டும் வா" என்றாள். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு மாப்பிள்ளை சொன்னார்: "பேச விட்டாத்தானே சண்டை போடாம வரமுடியும்."

அதிவேக வினைகள் மாமன்றத்தின் ஆண்டு மாநாடு ஒரு பெரிய அரங்கத்தில் நடந்தது. கம்பளம் விரித்த நடை, கண்ணாடிக் கதவுகள், பல் கிட்டிக்கொள்கிற அளவுக்குக் குளிர். வாசலில் கட்டியிருந்த பதாகையில் அந்த ஆண்டின் மையப்பொருள் பெரிய எழுத்தில் இருந்தது: "அதிவேக வேதிவினைகள்: நிதானமான ஓர் அணுகுமுறை."

பதிவு மேசையில் அவளுக்கு ஒரு பையும் கழுத்தில் தொங்கவிடும் அட்டையும் கொடுத்தார்கள். அட்டையில் 'உடன் வந்தவர்' என்று அச்சிட்டிருந்தது. பைக்குள் கைக்கண்ணாடியும் நகர் சுற்றிப் பார்ப்பதற்கான பேருந்துச் சீட்டும் இருந்தன.

"நான் பேச வந்திருக்கேன். உடன் வந்தவர்னு போட்டிருக்கு. யாரோட உடன்?"

மேசைக்குப் பின்னால் இருந்தவர் கூச்சத்தோடு குரலைத் தாழ்த்தினார். "அதெல்லாம் நாங்க கேக்கக் கூடாதுங்க மேடம்."

மாற்றித் தரச் சொன்னாள். மாற்றுவதற்குச் செயலாளர் கையெழுத்து வேண்டும். செயலாளர் உள்ளே மேடையில் இருக்கிறார். உள்ளே போக அட்டை வேண்டும். இந்த அட்டையை மாட்டிக்கொண்டு போனால், மாட்டிக்கொண்ட அட்டையை மாற்ற முடியாது. அவள் சற்று நேரம் நின்று யோசித்துவிட்டு அதையே மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். சண்டையை எந்த இடத்தில் ஆரம்பிப்பது என்று ஒரு கணக்கு உண்டு. பதிவு மேசையில் அதை வீணாக்க அவளுக்கு மனமில்லை.

தொடக்க விழா தாமதமாகத் தொடங்கியது. வரவேற்புரை ஆற்ற ஒருவர் வந்தார். அவரை வரவேற்க இன்னொருவர் முன்னதாக வந்திருந்தார். மேடையில் இருந்தவர்களை எல்லாம் ஒவ்வொருவராக வரவேற்று முடித்தபோது, மேடைக்குப் பிந்தி வந்த ஒருவர் விடுபட்டுப் போனது தெரிந்தது. அவரைத் தனியாக வரவேற்றால் மற்றவர்களுக்கு மரியாதைக் குறைவு என்பதால், எல்லோரையும் மறுபடி முதலிலிருந்து வரவேற்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

பிறகு தலைவர் எழுந்தார். வினையின் வேகத்தைக் குறிக்கும் எண்ணுக்கு வேக மாறிலி என்று பெயர். இந்த வினையின் மாறிலியை வாலிபத்தில் அளந்தவர் இவர்தான். அன்றிலிருந்து மாமன்றத் தலைவரும் இவரேதான். அதனால் எல்லோரும் அவரை மாறிலியார் என்றே அழைத்தார்கள். அவரும் அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டிருந்தார். வெள்ளைத் தலை, கனிந்த குரல், யாரையும் கோபிக்கத் தெரியாத முகம்.

"நண்பர்களே, அந்த எண்ணை நான் அளந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இதுவரை அந்த வினை என்னிடம் வந்து ஒரு குறை சொன்னதில்லை," என்றார். கைதட்டல். "இப்போது சிலர் புதுக் கருவி வாங்குகிறார்கள். வாங்கியதும் புது எண் வருகிறது. கருவி கெட்டுப்போயிருக்கிறது என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை. என் எண்ணைத் தருகிறதா என்று பார்த்துத்தானே ஒரு கருவி நல்ல கருவியா என்று முடிவு செய்ய வேண்டும்? விஞ்ஞானத்துக்குப் பணிவு வேண்டும். நான் என் எண்ணிடம் எவ்வளவு பணிவாக நடந்துகொள்கிறேன் என்று என் வீட்டில் கேட்டுப் பாருங்கள்."

அரங்கம் நெகிழ்ந்துபோனது. முன்வரிசையில் மாநாட்டுக்கு நன்கொடை தந்த நிறுவனங்களின் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் அந்தப் பாதுகாப்புப் பொறியாளரும் ஒருவர். அவரும் தட்டினார், திரும்பிப் பார்த்தபோது விடாக்கண்டியின் கண்ணில் பட்டுவிட்டு, தட்டுவதைப் பாதியில் நிறுத்திக் கையைத் துடைத்துக்கொண்டார்.

அவள் உரை காலையில் இருந்தது. விழா நீண்டதால் மதியத்துக்குப் போனது. மதியம் தேநீருக்குப் பின் என்றார்கள். தேநீருக்குப் பின் போனால், அவள் உரையைச் சுருக்கி, ஒரே படத்தைக் காட்டி, வாய் பேசாமல் இறங்கிவிட முடியுமா என்று கேட்டார்கள். அவள் செயலாளரைப் பிடித்தாள். இடுப்பில் சாவிக்கொத்தும் கையில் ஒலிவாங்கியுமாக அலைகிற சுறுசுறுப்பான மனிதர் அவர்.

"மேடம், கோச்சுக்காதீங்க. வினையே கண் சிமிட்டுறதுக்குள்ள முடிஞ்சிடுது. அதைப் பத்திப் பேச உங்களுக்கு எதுக்கு இவ்வளவு நேரம்?"

"காலையில வரவேற்கவே அரைநாள் எடுத்துக்கிட்டீங்களே சார்."

"வரவேற்பு மெதுவான வினை," என்றார் அவர், சிரிக்காமல். அவளுடைய பெயரைப் பலகையிலிருந்து அழித்துவிட்டு, அந்த இடத்தில் 'கலந்துரையாடல்' என்று எழுதினார். கலந்துரையாடலில் கேள்வி கேட்க அவள் கை தூக்கினாள். கேள்விகளைப் போன மாநாட்டிலேயே எழுதித் தந்திருக்க வேண்டும் என்று பதில் வந்தது.

தேநீர் மேசையில் தெரியாத ஒருவர் அவளருகே வந்து நின்றார். ஒல்லியாக, வழுக்கைத் தலையோடு. வேறோர் ஆய்வகத்தின் தலைவர். தேநீரையே பார்த்துக்கொண்டு முணுமுணுத்தார்.

"உங்க உரைச் சுருக்கத்தைப் படிச்சேன். எங்களுக்கும் அந்த எண் பெரிசாத்தான் வந்துது."

"அப்புறம் என்ன பண்ணீங்க?"

"வகுத்துட்டோம்."

"எதால?"

"எதால வகுத்தா சரியா வருமோ, அதால."

சொல்லிவிட்டு அவர் பிஸ்கெட் எடுத்துக்கொண்டு போய்விட்டார். விடாக்கண்டி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். இத்தனை நாளாக, தான் ஒருத்திதான் இந்த எண்ணோடு மல்லுக்கட்டுகிறோம் என்று நினைத்திருந்தாள். சுற்றிலும் பார்த்தாள். இந்தக் கூட்டத்தில் இன்னும் எத்தனை பேர் வகுத்திருப்பார்கள்? மாப்பிள்ளையின் வெந்த கைகள் நினைவுக்கு வந்தன. வகுத்தவர்கள் எல்லாருமாகச் சேர்ந்து அந்தக் கைகளின் மேல் ஆவியைத் திறந்துவிட்டது போல இருந்தது. அதுவரை அவளிடம் இருந்தது குழப்பம். இப்போது கோபம் வந்தது. கோபம் வந்தால் அவள் நிதானமாகிவிடுவாள். வீட்டில் எல்லோரும் பயப்படுகிற நிதானம் அது.

மறுநாள் பொதுக்குழு. அங்கே மாறிலியாரின் எண்ணை ஆண்டுதோறும் கை தூக்கி உறுதி செய்வது வழக்கமாம். செயலாளர் எண்ணை வாசித்தார். இந்த ஆண்டும் வினை இதே வேகத்தில் நடக்க வேண்டும் என்று மாமன்றம் தீர்மானிக்கிறது, ஆதரிப்போர் கை தூக்கலாம் என்றார். கைகள் காடு போல உயர்ந்தன. வழுக்கைத் தலையரின் கையும் அதில் இருந்தது. எதிர்ப்போர் உண்டா என்று செயலாளர் கேட்கவில்லை. விடாக்கண்டி கேட்காமலே எழுந்து நின்று கை தூக்கினாள்.

செயலாளர் அவள் கழுத்து அட்டையைப் பார்த்தார். "உடன் வந்தவர்களுக்கு ஓட்டு இல்லை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது."

அவள் உட்காரவில்லை. கூட்டம் கலைகிற வரை அப்படியே கை தூக்கியபடி நின்றாள். பக்கத்தில் போனவர்கள் ஏதோ யோகாசனம் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள்.

நிறைவு விழாவில் ஒரு சிக்கல் வந்தது. நன்றியுரை சொல்ல வேண்டியவர் ஊருக்குப் போகும் வண்டியைப் பிடிக்க நழுவிவிட்டார். நன்றியுரை இல்லாமல் மாநாட்டை முடிக்க முடியாது; அது முடிந்த பிறகுதான் கலந்துகொண்டதற்கான சான்றிதழ் தருவார்கள், அதுவரை கதவுகளைச் சாத்தியே வைத்திருப்பார்கள். செயலாளர் மேடையிலிருந்து கண்களை ஓடவிட்டார். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. விடாக்கண்டி மட்டும் பார்த்தாள். அவருக்கு ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று தோன்றியிருக்க வேண்டும். அவளையும் சமாதானப்படுத்தியது போலாகும். நன்றியுரையை இன்றுவரை எவரும் காதுகொடுத்துக் கேட்டதும் இல்லை.

"மேடம், உங்களுக்கு மேடை குடுக்கலன்னு வருத்தப்பட்டீங்களே. நன்றி சொல்லிடுங்க."

"எவ்வளவு நேரம்?"

"நன்றியுரைக்கு நேர வரம்பு கிடையாது மேடம். வரம்பு வெச்சா மரியாதை இல்ல."

அவள் மேடையேறினாள்.  ஒலிவாங்கியை நெருக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"முதல் நன்றி தலைவருக்கு," என்று ஆரம்பித்தாள். "வாலிப வயசில அவர் ரெண்டு ஊசிக்குழலை ஒரே நேரத்தில அழுத்தினார். திரவம் ரெண்டும் கலக்க எவ்வளவு நேரம் ஆகும்கறதை அவரளவுக்குத் துல்லியமா இன்னிவரைக்கும் யாரும் அளக்கல. அதுதான் வினையோட வேகம்னு அவர் நினைச்சிட்டார். அன்னிக்கு இருந்த கருவி அப்படி. அளந்ததுக்கு நன்றி."

நன்றி என்ற சொல்லைக் கேட்டதும் அரங்கம் பழக்கத்தில் தட்டியது. மாறிலியாரும் புன்னகையோடு தலையாட்டினார். தலையாட்டம் கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாகி நின்றது.

படம் போடுகிறவருக்கு அவள் அடுத்ததாக நன்றி சொன்னாள். கணினியில் போட்ட நாளிலிருந்து திறக்காமல் கிடக்கும் தன் கோப்பைத் திறக்கப் போவதற்காக. பெயர் சொல்லி யாரும் அவருக்கு நன்றி சொன்னதில்லை போலிருக்கிறது. மனிதர் உடனே திறந்தார். திரையில் இரண்டு கோடுகள் வந்தன. ஒரு திரவத்தை அடர்த்தியாக்கினால் வினை வேகமாக நடக்க வேண்டும். தலைவர் கோடு அசையாமல் படுத்திருக்கிறது, ஏனென்றால் அது கலக்குகிற வேகம். தன் கோடு ஏறுகிறது, ஏனென்றால் அதுதான் வினை. ஒவ்வொன்றையும் யாராவது ஒருவருக்கு நன்றியாகவே சொன்னாள். ஊசிக்குழல் செய்தவருக்கு, ஒளிவிளக்குக்கு, கண்ணாடி அறையைத் தேய்த்துக் கொடுத்த பட்டறைக்காரருக்கு.

செயலாளர் அருகில் வந்து பல்லைக் கடித்தபடி, நன்றி போதும் என்றார்.

"பாதியில விட்டா நன்றி கெட்டவள்னு சொல்லுவாங்க சார்," என்றாள் ஒலிவாங்கியிலேயே. கதவுகள் சாத்தியிருந்தன. சான்றிதழ்கள் செயலாளரின் மேசையில் அடுக்கியிருந்தன. யாரும் எழுந்து போகவில்லை.

"அடுத்த நன்றி இந்த அரங்கத்திலயே இருக்கறவங்களுக்கு. இதே வினையை அளந்து, வேற எண் வந்து, அதை வகுத்தோ மறைச்சோ மாமன்றத்தோட மானத்தைக் காப்பாத்தினவங்களுக்கு. தயவுசெஞ்சு எழுந்திருங்க. முகத்தைப் பாத்து நன்றி சொல்லணும்."

 பின்வரிசையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. வழுக்கைத் தலையர் எழுந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது, ஆனால் நின்றார். இடப்பக்கம் இருவர் எழுந்தார்கள். அப்புறம் இங்கொருவர் அங்கொருவராக. அவர்களில் சிலர், நன்றி சொல்கிறார்களே என்று பழக்கத்தில் எழுந்தவர்களாகவும் இருக்கலாம்; யார் எந்த ரகம் என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. மேடையில் செயலாளரே பாதி எழுந்துவிட்டுச் சட்டென்று உட்கார்ந்தார்.

"உங்க பொறுமைக்கு நன்றி. என் தங்கச்சி புருஷனுக்கு ரெண்டு கையும் வெந்துபோச்சு. சோறு ஊட்டி விடறாங்க. அவர் மெதுவா இருந்தார்னு விளக்கம் கேட்டிருக்காங்க. மெதுவா இருந்தது இந்த மாமன்றம்."

ஒருவரும் தட்டவில்லை. அவள் முன்வரிசைக்குத் திரும்பினாள். "கடைசியா, இங்க உக்காந்திருக்கற பாதுகாப்புப் பொறியாளருக்கு. நாளைக்குக் காலையில முதல் வேலையா அந்தக் கலனை நிறுத்தி, அங்க நிக்கற மனுஷனோட கையைக் காப்பாத்தப் போறாரு. அதுக்கு இந்தச் சபை சார்பா இப்பவே நன்றி."

முதலில் படம் போடுகிறவர் தட்டினார். அடுத்து நின்றுகொண்டிருந்தவர்கள். அப்புறம் அரங்கமே தட்டியது. பொறியாளர் எழுந்து கும்பிடுவதைத் தவிர வேறு வழியில்லாமல் கும்பிட்டார்.

மாறிலியார் ஒலிவாங்கியை வாங்கினார். அவர் முகத்தில் அப்போதும் கோபம் இல்லை. "உணர்ச்சிமயமான நன்றியுரை," என்றார். "என் எண்ணை இவ்வளவு நேரம் யாரும் நினைவுகூர்ந்ததில்லை."

வாசலில் பொறியாளர் மூச்சிரைக்க அவளைப் பிடித்தார். "நிறுத்துறேன்னு நான் எப்ப மேடம் சொன்னேன்?"

"நீங்க சொல்லல. நான் நன்றி சொல்லிட்டேன். அவ்வளவு பேர் தட்டினாங்க. திருப்பி வாங்கறதுன்னா நீங்களே உள்ள போய் வாங்கிட்டு வாங்க."

அவர் அரங்கத்தின் கதவைத் திரும்பிப் பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில், அந்த வினை நிஜமாகவே எவ்வளவு வேகம் என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "அப்படின்னா கையால திருப்பவே முடியாதே," என்றார்.

"அதைத்தான் சொல்றேன்."

மறுநாள் கலன் நின்றது. கைப்பிடியை எடுத்துவிட்டு, சூடு ஏறும்போதே தானாகத் திறக்கிற அமைப்பை வைத்தார்கள். மாப்பிள்ளை மேல் இருந்த நடவடிக்கையை நிர்வாகம் கைவிட்டது. தப்பு தங்களுடையது என்று சொல்லவில்லை, அவருக்கு ஓய்வு அளித்திருந்ததாகச் சொன்னது. அவர் கைகளில் தோல் வேறு நிறத்தில் வளர்ந்தது. விரல்கள் முன்போல மடங்கவில்லை. ஆனாலும் தன் சோற்றைத் தானே பிசைந்து சாப்பிட்டார்.

மாமன்றம் எண்ணை மாற்றவில்லை. நடந்ததை விசாரிக்கக் குழு அமைத்தார்கள். எல்லாத் தீமைக்கும் வேர் நன்றியுரைதான் என்று குழு கண்டுபிடித்தது. இனி மாநாடுகளில் யாருக்கும் எதற்காகவும் நன்றி சொல்லக் கூடாது என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள்.

அடுத்த மாநாட்டின் கடைசி நாள். நிறைவுரை முடிந்தது. அதற்குமேல் நிகழ்ச்சி ஏதுமில்லை. ஆனால் நன்றி என்ற சொல் காதில் விழாததால், முடிந்துவிட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. அரங்கம் உட்கார்ந்திருந்தது. மாறிலியார் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் மாறிலியாரைப் பார்த்தார். யாரோ இருமினார்கள். கதவுகள் சாத்தியே இருந்தன.

பின்வரிசையில் வழுக்கைத் தலையருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த விடாக்கண்டி எழுந்தாள். நடுவழியாக நடந்து மேடைக்குப் போனாள். தடுக்கலாமா என்று யோசித்துச் செயலாளர் நாற்காலியிலிருந்து எழுவதற்குள், ஒலிவாங்கி அவள் கையில் இருந்தது. படம் போடுகிறவர் கேட்காமலே கோப்பைத் திறந்திருந்தார்; திரையில் அவளுடைய கோடு ஏறிக்கொண்டிருந்தது.

"இந்த வினையோட சரியான வேகத்தை இப்ப சொல்றேன்," என்று அவள் ஆரம்பித்தாள். இந்த முறை யாருக்கும் நன்றி சொல்லவில்லை.